சொந்தக் கழுத்து

வல்லைப் பாலத்துக்கு இருநூறு யார் தள்ளி, நெல்லியடிப் பக்கமாக, தெருவின் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று, தேவகுமாரி கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்தி வெறுங்காற்றில் எட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து ஐம்பது. தென்மேற்குச் சோளகக் காற்று சேலையை ஒரு பக்கத்தால் காலோடு சேர்த்து ஒட்டிப் பிடித்து, மற்றப் பக்கத்தால் பாய்போல விரித்தது. நெல்லியடியிலிருந்து வெங்காய மூட்டைகளோடு வந்த ஓட்டோ ஒன்று அவளைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. அறுபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி வெட்டவெளியில் தனியே நின்று எட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அந்த ஓட்டோக்காரனுக்கு மனம் வரவில்லை.

"என்ன அன்ரி, லைசென்சுக்குப் பழகிறியளோ? எட்டு வடிவாத்தான் வருது."

"திசைகாட்டியைச் சரிப்பண்ணுறன் தம்பி. நீர் போம்."

கவரேஜ் இல்லையென்றால் பாலத்தடியில் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு உதவியையும் சொல்லிவிட்டு அவன் போனான். அவள் எட்டை முடித்தாள். திரையில் இருந்த மஞ்சள் கோடு ஒரு நடுக்கம் நடுங்கி, மேற்கே கொஞ்சம் வடக்குப் பக்கமாகப் போய் நின்றது. இருநூற்றுத் தொண்ணூற்று நாலு பாகை. கூடையிலிருந்து கொப்பியை எடுத்து அதைக் குறித்தாள். முதல் ஒரு கிழமை எழுதிய ஏழு பக்கங்களுக்கும் நேற்றுத்தான் குறுக்கே கோடு இழுத்திருந்தாள். அந்த ஏழு நாளும் அவள் ஃபோனைச் சைக்கிள் கைப்பிடியின் மேல் வைத்தே திசை பார்த்திருக்கிறாள். இரும்பின் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாது. பதினொரு பாகை பிசகு. எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "பிழை. காரணம்: சைக்கிள்" என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிவைத்தாள்.

முப்பத்திரண்டு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவள். நெல்லியடியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு சின்ன உபதபாற்கந்தோர். அதற்கு அவளே அதிபர், அவளே எழுதுநர், சில நாட்களில் அவளே கூட்டித் துடைப்பவளும். போன வருடம் ஓய்வு பெற்றாள். குருநகர்ப் பெடியன் எமில்ராஜ் அந்தக் கந்தோருக்குத்தான் கலியாண அல்பங்களைக் கட்டிக்கொண்டு வந்து கனடாவுக்கும் நோர்வேக்கும் பொதி அனுப்புவான். பெடியன் என்றாலும் முப்பது தாண்டியவன். நெல்லியடிச் சந்தையடியில் கடை போட்டு, மாப்பிள்ளை பெண்ணைக் கடற்கரைக்கும் பனங்கூடலுக்கும் கூட்டிப்போய்ப் படம் எடுப்பதே தொழில். எந்த நாளில் எந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்று காட்டுகிற செயலியை அவளுடைய ஃபோனில் இறக்கிக் கொடுத்தவன் அவன்தான். வரைபடத்தில் ஓர் இடத்தைக் குத்தினால் போதும். சூரியன் உதிக்கிற பக்கத்துக்கு ஒரு கோடு, விழுகிற பக்கத்துக்கு ஒரு கோடு. கீழே இருக்கிற நேரத்தை விரலால் தள்ளினால் நிழல் எவ்வளவு நீளும் என்று தெரியும். ஃபோனை ஆகாயத்துக்குப் பிடித்தால் சூரியன் வரப்போகிற பாதை முழுவதும் வளையமாகத் தெரியும். காற்றுக்கும் முகிலுக்கும் வேறொரு செயலி. மார்கழிக்கும் தள்ளிப் பார்த்தாள். அப்போது சூரியன் தெருவுக்கு நேர் எதிரே விழும், கண் கூசும், முகம் சுருங்கும், மழையும் விடாது. ஆனியில்தான் வலப்பக்கத்தால் சரிந்து வந்து முகத்தில் விழும். காற்றும் ஆனியில்தான் முகத்துக்கு எதிரே வரும். அந்தக் காற்றும் அவளுக்கு வேண்டும்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தான் செத்தபிறகு மரண அறிவித்தலில் போடுவதற்கு.

எமில்ராஜிடம் முதலில் அதைச் சொன்னபோது அவன் பேந்தப் பேந்த முழித்தான். தான் கலியாணத்துக்குத்தான் படம் எடுக்கிறவன் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தான். "சாகப்போறவைக்கும் ஒருக்கா எடுத்துப் பாரும் தம்பி, கையைக் காலை ஆட்டாமல் வடிவா நிப்பினம்" என்றாள் அவள். அவன் சிரித்துவிட்டான். ஆனால் ஏதாவது நோய் வருத்தமோ என்று மெல்லக் கேட்கவும் செய்தான். வருத்தம் ஒன்றுமில்லை, சீனி கொஞ்சம், முழங்கால் கொஞ்சம். அக்காவின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னாள்.

அக்கா நேசமலர் தை மாதம் செத்துப்போனாள். கலியாணம் கட்டாத சகோதரிகள் இரண்டுபேரும் அவரங்காலில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அக்கா ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவள். வாழ்நாளில் பொட்டுத் தங்கம் போட்டதில்லை. அவளிடம் இருந்தவை எல்லாம் வெளிறிய நூற்சேலைகள். இருவருக்கும் மூத்தவர் செல்வத்துரை அண்ணை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அச்சுவேலியில் இருக்கிறார், சாவீட்டு அலுவல்களை எல்லாம் அவரே பொறுப்பெடுத்தார். அறிவித்தலுக்குப் படம் தேடியபோது அக்காவின் அடையாள அட்டைப் படத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனார். அடுத்த நாள் காலை மின்கம்பங்களில் ஒட்டியிருந்த அறிவித்தலில் அக்கா அரக்கு நிறக் கலியாணக் கூறைச்சேலை உடுத்து, மூன்று வடச் சங்கிலி போட்டு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இது புதினமில்லை. ஆயுள் முழுவதும் சாரத்தோடு தோட்டத்தில் நின்ற மனிதர்கள் செத்த அன்று கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு சந்தியில் நிற்பார்கள். பார்க்கிறவர்களும் நல்ல படம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தேவகுமாரியும் அன்றைக்கு அழுத கண்ணோடு பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கம்பத்தில் வேறோர் அறிவித்தல். யாரோ தெரியாத மனுசி, எண்பத்திரண்டு வயது. முகந்தான் தெரியாத முகம். கழுத்துத் தெரிந்த கழுத்து. அதே அரக்குச் சேலை, அதே மூன்று வடம், இடது தோளில் அதே மடிப்பு, காறையெலும்புக்குக் கீழே எள்ளுப்போல அதே மச்சம். அவள் வீட்டுக்கு வந்து அக்காவின் அறிவித்தலை எடுத்து மூக்குக்கண்ணாடியோடு பார்த்தாள். மச்சம் இருந்தது. அக்காவுக்கு அந்த இடத்தில் மச்சம் கிடையாது. யாரோ ஒருத்தி, உயிரோடு இருக்கிறவளோ இல்லையோ, தன் கழுத்தை வலிகாமம் முழுவதற்கும் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தாள். தான் செத்தாலும் அண்ணை அதே கடைக்குத்தான் போவார், அதே கழுத்தைத்தான் தனக்கும் வைப்பார்கள் என்று நினைத்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்குமுறையாக நடந்தது. முதலில் கடிதம் எழுதினாள். ஒன்பது பிரதி, ஒன்பது உறவுக்காரர், ஒன்பது பதிவுத்தபால் உறை. முகவரிகள் எழுதி முத்திரை ஒட்டிப் படத்துக்கு மட்டும் இடம் விட்டு அலுமாரியில் அடுக்கினாள். கடிதத்தில் சுற்றிவளைப்பு ஒன்றும் இல்லை. "எனது மரண அறிவித்தலில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ள படத்தைத் தவிர வேறு எதனையும் பாவிக்கக்கூடாது. இப்படத்தில் உடை, நகை, உடல் உறுப்பு, ஆள், பொருள் எதனையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது." இரண்டாவது வசனத்தை மட்டும் நாலு தரம் திருத்தி எழுதினாள். ஒன்பதாவது உறையின் மேல் இருந்தது அண்ணையின் முகவரி.

அண்ணை உறை கைக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், சாப்பாட்டு மேசையில் கொப்பியையும் கடிதத்தின் பிரதியையும் கண்டு, நின்ற நிலையிலேயே முழுவதும் வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வழுக்கை விழுந்த நாளிலிருந்து தொப்பி இல்லாமல் அவரை வெளியில் யாரும் கண்டதில்லை. அவர் கோபப்படவில்லை, பள்ளிக்கூடத்தில் பெற்றாரோடு கதைக்கிற குரலில் கதைத்தார். உயிரோடு இருக்கிற ஆள் மரண அறிவித்தலுக்குப் படம் எடுப்பது துடக்கு, தீட்டுப் பிடித்த வேலை என்றார். அதுவும் இந்த வயதில், சைக்கிளில், தெருவில். சேர்ச்சில் என்ன சொல்வார்கள், தன்னிடம் படித்த பிள்ளைகள் என்ன நினைப்பார்கள். ஆசையென்றால் ஸ்ரூடியோவுக்கு வா, கதிரையில் இருத்தி மரியாதையாக ஒன்று எடுப்போம் என்றார். அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அக்காவின் கழுத்து புத்தூரில் வேறொரு மனுசிக்கும் இருந்ததைச் சொன்னாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "நான்தான் அந்தச் சேலையைத் தெரிஞ்செடுத்தனான். பத்துப் பன்ரண்டு காட்டினவங்கள். அவளுக்கு ஒரு கூறை எடுத்துக் குடுக்க என்னாலை ஏலாமல் போச்சு தேவி. கடைசியா எண்டாலும் ஒண்டு உடுத்திப் பாப்பம் எண்டு நினைச்சன்."

அந்த மனிதர் ஸ்ரூடியோக் கதிரையில் இருந்துகொண்டு பத்துச் சேலையில் ஒன்றைத் தெரிந்தெடுத்ததைத் தேவகுமாரி நினைத்துப் பார்த்தாள். ஆனால் சொல்லவேண்டியது அப்படியே இருந்தது.

"உடுத்தினது அக்காவுக்கில்லை அண்ணை. அது அவவின்ரை கழுத்தே இல்லை."

"நான் உயிரோடை இருக்குமட்டும் உது நடவாது."

"நீங்கள் முந்தினால் உங்கடையை நான் பாத்துக்கொள்ளுறன். நான் முந்தினால் என்ரையைக் கடிதம் பாத்துக்கொள்ளும்."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று, எந்த இடத்தில் எடுக்கப்போகிறாய் என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. பாலத்துக்கு இருநூறு யார் அந்தப் பக்கம், வியாழக்கிழமை, ஆறு மணிக்குப் பிறகு என்று சொன்னாள். அந்த இடம் அவருக்கும் நல்ல ஞாபகம் இருந்திருக்கும்.

பஸ் ஓடாத காலம் அது, தொண்ணூற்றொன்றோ தொண்ணூற்றிரண்டோ. அவரங்காலிலிருந்து நெல்லியடிக்குப் போகச் சைக்கிளை விட்டால் வழியில்லை. வல்லைவெளியால் பெண்பிள்ளை தனியே போய்வரக்கூடாது, வேலையை விடு என்று அண்ணை சொன்னார். அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கந்தோர் பூட்டிச் சோளகத்துக்கு எதிரே மிதித்துக்கொண்டு வந்தபோது, அதே இடத்தில் தெரு நடுவே அண்ணை கையை விரித்துக்கொண்டு நின்றார். அவள் பிரேக்கைப் பிடித்தாள். அவர் சைக்கிளை வாங்கி உருட்ட, அவள் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். பதினொரு நாள் லீவு. பன்னிரண்டாம் நாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தாள். பிறகு ஓய்வு பெறும்வரை ஒருவரும் அவளை மறித்ததில்லை. ஆனாலும் அந்தப் பதினொரு நாளும் அவளுக்குள் எங்கேயோ ஆறாமல் கிடந்தன. மறித்ததற்காக அண்ணையை எப்போதோ மன்னித்துவிட்டாள். பிரேக்கைப் பிடித்த தன் இரண்டு விரல்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை முகில் நாற்பது வீதம் என்றது செயலி, காற்று முப்பத்தைந்து கிலோமீற்றர். எமில்ராஜ் நிற்கவேண்டிய இடமாக அவள் வரைபடத்தில் குத்தியிருந்த புள்ளி தெருவுக்கு மேற்கே, நீரேரிக்குள் இருந்தது. நல்லகாலம் அந்த மாதத்தில் அதில் தண்ணீர் இல்லை. சேறு வெடித்துக் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கமராவை முக்காலியில் பூட்டி, செயலியில் நேரத்தைப் பார்த்தான். ஆறு முப்பத்துமூன்றுக்குத்தான் சூரியன் விழுகிறது, அவசரமில்லை என்றான். அவள் கொப்பியைத் திறந்து காட்டினாள். மேற்கே தெரிகிற பனைகள் செயலிக்குத் தெரியாது. ஆறு இருபதுக்கே அவை சூரியனை மறைத்துவிடும் என்று நாலு நாள் நின்று பார்த்து எழுதியிருந்தாள். ஆறு ஐந்துக்கும் ஆறு இருபதுக்கும் நடுவில் பதினைந்து நிமிடந்தான். "அன்ரி, நீங்கள் என்னோடை வேலைக்கு வாங்கோ" என்றான் அவன், பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும்.

கந்தோருக்கு உடுத்துப் போகிற நீலக்கரை வெள்ளைச் சேலைதான் உடுத்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. நெல்லியடிப் பக்கமாக கால் மைல் தூரம் போய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, பாலத்துப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் வருவதும், எமில்ராஜுக்கு எதிரே நிற்பதும், தொப்பி வைத்த உருவம் ஒன்று இறங்குவதும் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலும் ஆள் யாரென்று பிடிபட்டது. அண்ணை ஸ்கூட்டரை ஓரத்தில் விட்டுவிட்டு வந்து, சைக்கிள்கள் போகிற ஓரத்தில், சரியாக அந்த இடத்தில் நின்றார். எமில்ராஜ் கையைக் காட்டி ஏதோ சொன்னான். அண்ணை அசையவில்லை. பிறகு எமில்ராஜ் ஃபோனில் கூப்பிட்டான்.

"அன்ரி, படத்துக்குள்ளை நிக்கிறார். தள்ளச் சொன்னால் தெரு எல்லாருக்கும் பொது எண்டுறார். என்ன செய்ய?"

நேரம் ஆறு ஆறு. முகில் ஒன்று சூரியனை விட்டு விலகி, வெளி முழுவதும் மஞ்சள் விழுந்தது. நாளைக்கு முகில் எண்பது வீதம், நாளை மறுநாளும் அப்படித்தான்.

"எடும்" என்றாள். "நான் வாறன்."

மிதிக்கத் தொடங்கியதும் காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. பழைய காற்றுத்தான், பலம் குறையவில்லை, குறைந்தது அவளுக்கு. முழங்கால் நொந்தது. கழுத்தை முன்னுக்கு நீட்டி, பல்லைக் கடித்து, ஒவ்வொரு சுற்றாக மிதித்தாள். பின்னால் வந்த மினிபஸ் ஒன்று ஹோர்ன் அடித்து விலத்திப் போனது. யன்னலால் நாலைந்து தலைகள் திரும்பின. அண்ணை கிட்டவாகிக்கொண்டு வந்தார். முப்பது யார் இருக்கும்போது அவர் இரண்டு கையையும் விரித்தார், அன்றைக்கு விரித்ததுபோல. அவளுடைய விரல்கள் இரண்டும் தாமாகவே பிரேக் கம்பியில் போய் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஒருதரம் சுழன்று அண்ணையின் தொப்பியைத் தூக்கியது. அவர் விரித்த கை இரண்டையும் தலைக்குக் கொண்டுபோய்த் தொப்பியை அமத்திப் பிடித்தார். அவள் அவருடைய சட்டைக் கையில் உரசிக்கொண்டு கடந்து போனாள்.

பாலத்தடிவரை போய்த்தான் நின்றாள். மூச்சு வாங்கியபடி சைக்கிளைத் திருப்பியபோது காற்றே அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. எமில்ராஜ் தெருவுக்கு ஏறி வந்து கமராவின் சின்னத் திரையை நிழலுக்குப் பிடித்துக் காட்டினான். படம் முழுவதும் வெயில். வெள்ளைச் சேலை பின்னுக்குப் பறக்கிறது. முகத்தில் பாதி மஞ்சள். கழுத்தில் நரம்பு இரண்டு கயிறுபோல எழும்பி நிற்கிறது. காறையெலும்பும் சுருக்கங்களும் சட்டை ஓரத்துத் தேமலும் ஒன்றும் தப்பவில்லை. அவளுக்கு ஒரு கையகலம் முன்னால், தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அண்ணை.

அண்ணையும் மெல்லக் கிட்ட வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என்னை உதிலையிருந்து அழிச்சுவிடும்" என்றார். குரலில் அதிபர் இல்லை. எமில்ராஜ் முகம் மலர்ந்து, அதொன்றும் பெரிய காரியமில்லை, இரண்டு நிமிட வேலை, ஐயா நின்ற இடமே தெரியாமல் தெருவைப் போட்டுவிடலாம் என்றான்.

"ஏலாது" என்றாள் தேவகுமாரி. "சேர்க்கவோ நீக்கவோ கூடாது எண்டு எழுதி வச்சிருக்கிறன். ஒன்பது பேருக்குப் போகுது."

"தேவி, விசர்க்கதை கதையாதை. உன்ரை செத்தவீட்டு நோட்டீசிலை நான் தலையிலை கையை வச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

"நிண்டனீங்கள்தானே அண்ணை."

காற்று இரைந்தது. அவள் ஃபோனை எடுத்துப் பார்த்தாள், ஆறு பதினொன்று. சைக்கிளை நெல்லியடிப் பக்கம் திருப்பி, ஒரு காலை மிதியில் வைத்துக்கொண்டாள்.

"பனைக்குள்ளை இறங்க இன்னும் ஒன்பது நிமிசம் கிடக்கு" என்றாள். "நான் அங்காலை போய்த் திரும்பி வருவன். இதிலை நிக்க விருப்பமில்லாட்டித் தள்ளி நில்லுங்கோ. நிக்கிறதெண்டால் நில்லுங்கோ. நான் வாறது வாறதுதான்."

போகும்போது காற்று முதுகில் இருந்தது, மிதிக்கவே தேவையிருக்கவில்லை. கால் மைல் போய்த் திரும்பினாள். சூரியன் பனைகளின் ஓலைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. எமில்ராஜ் சேற்றுக்குள் இறங்கிக் கமராவுக்குப் பின்னால் குனிந்திருந்தான். அண்ணை தெருவோரத்திலேயே நின்றார். இப்போது தொப்பியைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்திருந்தார். வழுக்கைத் தலையில் வெயில் பட்டு மினுங்கியது. ஓரத்தில் மிஞ்சியிருந்த நரைமயிர் காற்றில் குத்திட்டு நின்றது. கைகளைத் தொங்கவிட்டிருந்தார். விலகப்போகிறவர் மாதிரியும் தெரியவில்லை, மறிக்கப்போகிறவர் மாதிரியும் தெரியவில்லை. அவருடைய நிழல் தெருவை விட்டிறங்கி, பின்னாலிருந்த உப்புத் தரையில் நீண்டு கிடந்தது.

தேவகுமாரி விரல்களைக் கைப்பிடியைச் சுற்றி மூடிக்கொண்டு, காற்றுக்குள் கழுத்தை நீட்டி மிதிக்கத் தொடங்கினாள்.